ஆளுக்குப் பத்துக் காது

மெத்தைக் கம்பெனி முதலாளிக்குப் பேச்சு ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேரும் ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள். ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். இரண்டு நாள் இருந்தார். "விளம்பரத்தை இப்ப எவனும் நம்பறதில்ல சார். ஜனங்களுக்குக் கதை வேணும். வலைப்பூ எழுதுங்க, பாட்காஸ்ட் பேசுங்க. வாடிக்கையாளர் காதுக்குள்ளயே போய் உக்காந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அடுத்தவன் காதுக்குள் உட்காருகிற வேலை மட்டும் கம்பெனியிலேயே தங்கிவிட்டது.

மாதிரி மெத்தைகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து, சுவர் முழுக்கக் கம்பெனி நுரையையே வெட்டி ஒட்டி, ஒலிப்பதிவு அறை ஆக்கினார்கள். மீடியா வேலைக்கென்று ஒரு பெண்ணை எடுத்தார்கள். முதலாளி முதல் ஐந்து வாரமும் முதுகெலும்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் அவர் மனைவி. மனுஷன் சோர்ந்து விட்டுவிடுவார் என்று பார்த்தால் சுற்றறிக்கை வருகிறது: ஊழியர் ஒவ்வொருவரும் ஆளுக்குப் பத்துப் பேரைக் கேட்பவர்களாகச் சேர்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும்.

எந்த ஊர் நியாயம் இது? மெத்தை தைக்கிறவனும் லாரியில் ஏற்றுகிறவனும் காது பிடிக்க அலைந்தார்கள். டெஸ்பாட்ச் மேசையில் லாரிச் சீட்டு எழுதுகிறவளை எல்லோரும் டெஸ்பாட்ச் அக்கா என்பார்கள். அவளும் அலைந்தாள். தங்கை, தங்கை வீட்டுக்காரர், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவதாக மாமனாரின் போனை வாங்கி, அவளே பொத்தானை அமுக்கிக் கொடுத்தாள். அந்த விரலை இப்போது நினைத்தாலும் அவளுக்கு வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கும்.

மற்ற ஒன்பது பேரும் ஒரே வாரத்தில் கழன்றுகொண்டார்கள். மாமனார் அப்படிப்பட்டவர் இல்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் கடைசி ஸ்டாப் வரை போய்விட்டுத்தான் இறங்குவார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி ஆனால் போதும், சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்தி வைத்து, சத்தமாகப் போட்டுவிடுவார். "உங்க முதலாளி நல்லாத்தான்ம்மா பேசறார்" என்று அவளுக்கே சான்றிதழ் வேறு.

அந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். கிடங்கை ஒரே நாளில் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். "வேற வேலை கிடைச்சதும் அப்பாகிட்ட சொல்லிக்கலாம். அதுவரைக்கும் வேண்டாம்" என்றார். அவளும் சரி என்றாள். தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் நீலச் சாப்பாட்டுப் பையுமாகக் கிளம்புவார். மத்தியானம் வரை வேலை கேட்டு அலைவார். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே உட்கார்ந்திருக்கிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லோரும் யாருக்காகவோ காத்திருக்கிறவர்கள்தானே.

ஒரு நாள் துடைத்த ஈரத்தில் அங்கேயே வழுக்கி விழுந்து தாடையில் அடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அரை நாள் விடுப்பு கேட்டாள். எச்.ஆர். மேடம் லேசில் விடுவாரா? "உங்க வீட்டுக்காரருக்கு என்ன வியாதி?" வியாதி ஒன்றும் இல்லை. "வியாதி இல்லாதவர் ஆஸ்பத்திரியில என்ன பண்ணிட்டிருந்தார்? காரணத்தை விவரமா எழுதிக் குடுங்க." பொய் எழுதத் தெரியாத கை. ஒரு முழுப் பக்கத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அது நடந்து மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மேசை ஓரத்தில் நின்று சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். போனில் பியானோ வாசித்து முடித்து, முதலாளியின் குழைந்த குரல் வந்தது.

"நம்ம மெத்தைக் குடும்பத்துல ஒரு சகோதரி. அவங்க கணவருக்கு வேலை போயிடுச்சு. வயசான தகப்பனாருக்கு இது தெரியாது. தினமும் அந்த மனுஷன் நீலச் சாப்பாட்டுப் பையோட கிளம்பறார். எங்க போறார் தெரியுமா நேயர்களே? ஆஸ்பத்திரிக்கு. எலும்புப் பிரிவு வாசலுக்கு..."

அவள் கையில் சொம்பு நிரம்பி வழிந்தது. போய்ப் போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். முதலாளி விடவில்லை. விழுந்ததைச் சொன்னார், தாடையைச் சொன்னார். "இது தெரிஞ்சா அந்தத் தகப்பன் நெஞ்சு தாங்குமா?" என்று தழுதழுத்தார். அந்தத் தழுதழுப்பு அடங்குவதற்குள், நல்ல தூக்கம்தான் நாளைய நம்பிக்கை என்று மெத்தைக்கு வந்துவிட்டார். அடப்பாவி!

மாமனார் தலையைத் தூக்கினார். மகனின் தாடையில் காய்ந்திருந்த தழும்பைப் பார்த்தார். வாசற்படியில் இடித்துக்கொண்டதாக அவரிடம் சொல்லியிருந்த தழும்பு. அப்புறம் நீலப் பையைப் பார்த்தார். தட்டிலேயே கையைக் கழுவினார். வீட்டுக்காரர் டப்பாவைப் பைக்குள் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று ஊருக்கே தெரிந்த பிறகும், வழக்கம் போலக் கிளம்பிப் போனார்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பஸ்ஸில் போகும்போதே போனில் கம்பெனி வலைப்பூவைத் திறந்தாள். அங்கேயும் அதே கதை அச்சடித்த மாதிரி இருந்தது. மேலே ஒரு படம்: யாரோ ஒரு ஆள், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பையோடு. கீழே அழுகைப் பொம்மைகள் வரிசையாக. அதற்கும் கீழே மெத்தை விலையில் தள்ளுபடி.

டெஸ்பாட்ச் மேசைக்கே போகவில்லை. நேரே நுரை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முதலாளி மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். மீடியா பெண் கம்ப்யூட்டர் பக்கம் இருந்தாள்.

"சார், யாரக் கேட்டு என் வீட்டுக் கதையச் சொன்னீங்க?"

"வாம்மா, வா! உன்னைக் கூப்பிடத்தான் இருந்தேன். எத்தனை பேர் கேட்டிருக்காங்க தெரியுமா? ஒரு மணி நேரத்துல ரெண்டாயிரம்! டீலருங்க எல்லாம் போன் பண்ணி அழறாங்க."

"அவங்க அழறது இருக்கட்டும் சார். எங்க மாமா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து கேட்டார். அவர் மகனப் பத்தி. மகனயும் பக்கத்துல வெச்சுக்கிட்டு."

முதலாளி முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. "அவர் ஏம்மா இதையெல்லாம் கேக்கறார்?"

"நீங்கதான் சார் பத்துப் பேரக் கேட்டீங்க!"

"சரி, சரி. நான் பேர் சொன்னேனா? ஊர் சொன்னேனா?"

"பை கலர் சொன்னீங்களே, போதாதா? தகப்பன் நெஞ்சு தாங்குமான்னு வேற. அவர் நெஞ்சுக்குள்ள நீங்க எப்ப சார் போய்ப் பாத்தீங்க?"

முதலாளி மேசை மேலிருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவளுடைய விடுப்புக் கடிதம். அவளுடைய கையெழுத்து. கடைசி வரி: 'இது தெரிந்தால் என் மாமனாரின் நெஞ்சு தாங்காது.' "நானா ஒரு வார்த்தை சேர்க்கலம்மா" என்றார்.

அந்த வரியை முதலாளி கட்டிவிட்டது என்றுதான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்திருந்தாள். தான் எழுதியதுதான் என்று தெரிந்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் விடுவாளா?

"எழுதினேன் சார். உங்க ஆபீஸ்ல கேட்டாங்க, உங்க ஆபீஸ்ல சொன்னேன். ஊருக்குச் சொல்லல. அவசரத்துக்கு அரை நாள் கேட்டு நின்னவகிட்ட எழுதி வாங்கி, அத வெச்சு மெத்தை விக்கறீங்களே, உங்களுக்குக் கூசல? அதை எடுங்க. இப்பவே எடுங்க. ரெண்டு இடத்துலயும்."

"உக்காரும்மா முதல்ல. நான் சொல்றதக் கேளு. உன் வீட்டுக்காரருக்கு நம்ம கிடங்குலயே வேலை போட்டுத் தரேன். மேற்பார்வையாளர். நிரந்தரம்." அவர் முன்னால் சாய்ந்தார். "அடுத்த செவ்வாய் அப்பாவும் மகனும் இங்க வரட்டும். இந்த மைக் முன்னாடி அப்பாகிட்ட அவர் உண்மையச் சொல்லட்டும். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கட்டும். அந்த இடத்துலயே நான் வேலைக் கடிதத்த நீட்டறேன்."

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவள் மனசு ஆடியது. ஐந்து மாதம். எத்தனை படி ஏறி இறங்கினார், எத்தனை பேர் கேலியாகப் பார்த்தார்கள். நிரந்தரம் என்றால் சும்மாவா? அப்போதுதான் மைக் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. உள்ளே நுழைந்ததிலிருந்து அவள் போட்ட சத்தம் முழுதும் பதிவாகிக்கொண்டிருந்தது.

"இதையும் பதிவு பண்றீங்களா?"

"நிறுத்தாதேம்மா! அந்தக் கோபம் இருக்கே, அதுதான் உண்மை. காசு குடுத்தாலும் கிடைக்காது. அப்படியே பேசு" என்றார் முதலாளி. அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. திரையில் 'மாமா' என்று இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "ஸ்பீக்கர், ஸ்பீக்கர்ல போடு" என்று கையால் ஜாடை காட்டினார். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து அவர் கைப்பிடியைத் திருகுவது தெரிந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கனத்த நுரை ஒட்டிய கதவு. அந்தப் பக்கம் ஒரு சத்தம் போகாது.

"மாமா?"

"ஆஸ்பத்திரியில இருக்கேன்ம்மா. பதறாதே, எனக்கு ஒண்ணுமில்ல. எலும்புப் பிரிவு வாசல்ல, இவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். இன்னிக்கு வேலை தேடப் போகாம நேரா இங்கதான் வந்திருக்கான்." மூச்சு வாங்கினார். "நானும் பேசல, அவனும் பேசல. அவன் டப்பாவத் திறந்தான், ரெண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்குக் காலையில சரியா எறங்கல பாரு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதே. எனக்குக் கோபம்தான் வருது" என்றார் மாமனார். குரல் பஸ்ஸே நிற்கிற மாதிரி உயர்ந்தது. "என் நெஞ்சு தாங்காதுன்னு எவன்ம்மா சொன்னது? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின நெஞ்சு இது. பெத்த பையனுக்கு வேலை போனதத் தாங்காதா? ஒரே வீட்டுல இருக்கோம். முன்னபின்ன தெரியாத ஒருத்தன் வந்து சொல்லணுமா எனக்கு?"

"அத எழுதினது நான்தான் மாமா."

பின்னணியில் யாரோ நோயாளி பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

"தெரியும். வேற யாருக்குத் தெரியும் அதெல்லாம்? வீட்டுக்கு வா, திட்டறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மாமா, இங்க இவருக்கு வேலை தராங்களாம். நீங்க ரெண்டு பேரும் வந்து மைக் முன்னாடி கட்டிப்பிடிச்சு அழணுமாம்."

மாமனார் போனை நகர்த்தி மகனிடம் சொல்வது கேட்டது. பதிலுக்கு வீட்டுக்காரரின் குரல், அவசரப்படாமல், "வேண்டாம்னு சொல்லுங்கப்பா" என்றது.

"கேட்டுதாம்மா?"

"கேட்டுது மாமா."

கதவை விட்டாள். முதலாளி விழாத குறையாக முன்னால் வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய் மீடியா பெண்ணின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எடும்மா. நீ எடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தாள். அப்புறம் திரைப் பக்கம் திரும்பினாள். பாட்காஸ்ட் போனது. வலைப்பூ போனது. அன்றைய பதிவும் போனது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"யாரக் கேட்டு எடுத்தே?" என்று கத்தினார் முதலாளி.

"இவங்களக் கேட்டுத்தான் சார். போடறப்பவே கேட்டிருக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார். நாளைக்கு இரண்டு பேருக்கும் வேலை இருக்குமா என்பது அவருக்கே அப்போது தெரியாது. ஆனால் ஆசை யாரை விட்டது? நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, விளக்கு எரிகிற நேரத்துக் குழைவோடு கேட்டார்:

"சரி, போனது போகட்டும். போன்ல மாமனார்தானே? என்னம்மா சொன்னார்?"

"அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன் சார்" என்றாள்.