தூக்கிய கை

வூஹான் நகரத்தில் காலையில் டாக்சி பிடிப்பதைப் போல அவமானம் பிடித்த வேலை பான் ருய்க்கு வேறு எதுவும் இல்லை. ஒரு கையில் தன் நாய் மாந்தோவின் பட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டியபடி வெயிலில் நிற்பார். வண்டி வேகம் குறைவது கேட்கும். கண்ணாடி இறங்கும். "நாயா? வேணாம்பா, வேணாம்!" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், வண்டி பறந்துவிடும். இது வீட்டு நாய் இல்லை ஐயா, கண் தெரியாத எனக்கு வழிகாட்டப் பழக்கிய நாய் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை எவன் நிற்கிறான்?

ஓட்டுநர் இல்லாத வெள்ளை வண்டிகள் ஊருக்குள் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. போனில் சொன்னால் போதும், வந்து நிற்கும், கதவு திறக்கும். நாயைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. முதல் நாள் மாந்தோவைக் காலடியில் படுக்கவைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தபோது பான் ருய் அழுதேவிட்டார்.

அவர் மசாஜ் கடையில் வேலை செய்பவர். கழுத்துவலி, முதுகுவலி என்று வருகிறவர்களில் பாதிப்பேர் டாக்சி ஓட்டுநர்கள்தான். அவர்களில் ஷியோங் பழைய வாடிக்கை. குளிர்காலத்தில் அவருடைய வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே எழும்பாமல், தலை வாரக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலைமையில் வந்து படுத்தார். ஆஜானுபாகுவான மனிதர், வலியில் குழந்தை மாதிரி கத்துவார். வசந்தகாலம் முழுக்க அந்தத் தோளோடு மல்லுக்கட்டினார் பான் ருய். ஒருநாள் கை தலைக்கு மேலே போனது. கடையே கைதட்டியது.

"மாஸ்டர், நீங்க எனக்குத் தெய்வம். எங்க போகணும்னாலும் ஒரு போன் போடுங்க, பறந்து வந்துருவேன்" என்றார் ஷியோங். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாய் மட்டும் வேண்டாம். சீட்டுல முடி ஒட்டும்" என்றார்.

பான் ருய் சிரித்துவைத்தார். என்ன செய்வது? தோளைக் குணப்படுத்தலாம், மனசைப் பிடித்துவிட முடியுமா?

ஒரு சனிக்கிழமை அவர் ஏறிய வெள்ளை வண்டி, ஓட்டுநர்கள் கூடுகிற நூடுல்ஸ் கடைத் திருப்பத்தில் திடீரென்று நின்றது.

அங்கே ஓட்டுநர்கள் வயிற்றில் ஏற்கெனவே நெருப்பு பற்றியிருந்தது. வெள்ளை வண்டிகள் வந்ததிலிருந்து சவாரி இல்லை, டாக்சிக்குக் கட்டவேண்டிய தினவாடகை மட்டும் குறையவில்லை. முந்தின நாள்தான் அவர்களில் ஒருவன் வண்டியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தான். எள்ளு விழுதில் பிரட்டிய நூடுல்ஸ் கிண்ணத்தோடு நின்றிருந்தவர்கள் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளை வண்டி வந்தது. குண்டு தாங் என்பவன் கிண்ணத்தோடு நடுரோட்டில் போய் நின்றான். ஆள் குறுக்கே நின்றால் அந்த வண்டி ஓர் அங்குலம் நகராது. அது ஊருக்கே தெரியும்.

"முன்னால் பாதசாரிகள் கடக்கிறார்கள். சற்றுப் பொறுங்கள்" என்றது வண்டியின் இனிமையான பெண் குரல்.

பான் ருய் பொறுத்தார். வெளியே கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. படீரென்று பானட்டில் ஓர் அடி விழுந்தது. பிறகு கதவில் ஓர் உதை. மாந்தோ எழுந்து குரைத்தாள்.

"உள்ள நாய்டா!" என்று தாங் கத்தினான். கறுப்புக் கண்ணாடிக்குள் அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. "எவனோ பணக்காரன் நாயை மட்டும் ஏத்தி ஊர்வலம் அனுப்பியிருக்கான்டா! நம்ம புள்ளைங்க பட்டினி, நாய்க்குக் காரு!"

ஒரு நொடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நின்றதும் வந்ததுதான் பயங்கரம். செங்கல் வந்து முன்கண்ணாடியைப் பிளந்தது. இருபக்கமும் கைகள் பிடித்து வண்டியை ஆட்டின. "கவுத்துருங்கடா! கவுத்து அப்பளமாக்குங்கடா!" என்று யாரோ ஒருவன் ஊளையிட்டான். பான் ருய் கதவைத் தட்டி அலறினார். அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? உதவிப் பொத்தானைத் தடவித் தேடி அமுக்கினார். மெல்லிசை ஒலித்தது. "எங்கள் உதவியாளர் விரைவில் இணைவார். நீங்கள் விரும்பினால் பயணத்தை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்."

அடப்பாவி, முடிவது பயணமா உயிரா என்று இந்த இயந்திரத்துக்கு யார் சொல்வது! இறங்கினால் அடித்தே கொன்றுவிடுவார்கள், உள்ளேயே இருந்தாலும் சாவுதான். பான் ருய் தரையில் சுருண்டார். மாந்தோ அவர் முதுகின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த அடி கூரையின்மேல் விழுந்தது. இரும்புக் கம்பி. கூரை நெளிந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முக்கல் கேட்டது. "ஹேய்... யா! ஹேய்... யா!"

அந்த முக்கல் பான் ருய்க்குத் தெரியும். மாதக்கணக்கில் அவர் கைக்குக் கீழே கேட்ட குரல்.

அதற்குள் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. கூடவே கம்பியும் வந்தது. மாந்தோவின் முன்காலில் எலும்பு உடையும் சத்தத்தை அவர் கேட்டார். அவள் குரைக்கவில்லை, ஒரே ஒரு முறை வீறிட்டாள். ரத்தம் சூடாக அவர் கழுத்திலும் முகத்திலும் வழிந்தது.

பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பான் ருய் எழுந்து, உடைந்த கண்ணாடி உள்ளங்கையைக் கிழிக்க, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"ஷியோங் அண்ணே!" என்று கத்தினார். "கை நல்லா மேல போகுதே அண்ணே! காதுக்கு மேல எழும்பலைன்னு அழுதுகிட்டு வந்தீங்களே, அந்தக் கைதானே இது? இதுக்குத்தானா அதை நான் சரிபண்ணுனேன்?"

தலைக்கு மேலே ஓங்கிய கம்பி ஓங்கியபடியே நின்றது. ரத்தம் வழியும் முகத்தை, பார்வை இல்லாத கண்களை, ஷியோங் பார்த்தார். கை தானாக இறங்கியது. கம்பி ரோட்டில் விழுந்து உருண்டது. வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

"மாஸ்டர்..." என்றார் ஷியோங். "நீங்க... நீங்க எப்படி இதுல..."

தாங் விடவில்லை. "எங்க வயித்துல அடிக்கிற வண்டியில நீங்களே ஏறலாமா மாஸ்டர்? நாங்கதானே உங்க கடைக்கு வர்றோம்?"

"உங்க வண்டியில ஏத்துனீங்களா தாங்?" என்று பான் ருய் கேட்டார். "மழையில கை நீட்டுனேன், வெயில்ல கை நீட்டுனேன். ஒருத்தன் நின்னீங்களா? என் கை உங்க கழுத்துக்கு வேணும். என் கண்ணு உங்க சீட்டுக்கு ஆகாது. இவதான்யா என் கண்ணு!"

உடைந்த வண்டிக்குள்ளிருந்து "எங்கள் உதவியாளர் விரைவில் இணைவார்" என்று அந்தக் குரல் மட்டும் கொஞ்சிக்கொண்டிருந்தது.

ஷியோங் கதவை நெம்பித் திறந்தார். மாந்தோவை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினார். கம்பி பிடித்திருந்த கை அவள் தலையைத் தாங்கியிருந்தது. அவள் அந்தக் கையைக் கடிக்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. மூக்கு ஒழுக அழுதுகொண்டே தன் டாக்சியின் பின்கதவைத் தோளால் திறந்து, சீட்டில் அவளைக் கிடத்தினார். பான் ருய் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்கிருந்து நேரா போலீஸுக்கு நானே போயிடுறேன்" என்று தாங்கிடம் சொன்னார் ஷியோங்.

வழியெல்லாம் சீட்டில் ரத்தம் ஊறியது. முடி ஒட்டியது. கொஞ்ச தூரம் போன பிறகு ஷியோங் கேட்டார்: "மாஸ்டர், இனிமே எதுல போவீங்க?"

"எது எங்க ரெண்டு பேருக்கும் கதவைத் திறக்குதோ, அதுல" என்றார் பான் ருய். "அந்தக் கம்பெனிக்காரனையும் நான் சும்மா விடப்போறதில்ல. ஆள் சாகக்கிடக்கறப்ப பாட்டு போடுறான். ஆபத்துன்னு கூப்பிட்டா மனுசன் பேசணும்னு சட்டையைப் பிடிச்சுக் கேப்பேன். உங்க பொழப்புக்கும் நியாயம் கேளுங்க, நானும் கூட வந்து நிக்கிறேன். ஆனா கம்பியைத் தூக்காதீங்க அண்ணே. எத்தனை வண்டியை உடைச்சாலும் இன்னொண்ணு வந்துகிட்டேதான் இருக்கும். அதுக்கு இரக்கம் தெரியாது. நமக்குத் தெரியும். அந்த இரக்கத்தையும் நாமளே விட்டுட்டா, ஸ்டியரிங் பிடிக்க மனுசன் எதுக்குன்னு ஊரு கேக்கத்தானே செய்யும்?"

மாந்தோ முனகும்போதெல்லாம் ஷியோங் வேகத்தைக் குறைத்து, பள்ளம் பார்த்து, மெதுவாக ஓட்டினார்.