ருக்கையாவுக்கு வந்த முதலிடம்

ஜொஹராவிடம் எந்த நல்ல சேதியும் ஒரு பொழுது தங்காது. யாருக்காவது பெண் பேசி முடிந்தாலும் சரி, பையனுக்கு விசா வந்தாலும் சரி, உடனே அடுப்பில் சட்டி ஏறும், இனிப்புத் தட்டு வீடு வீடாகப் போகும். கீழக்கரையிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. விட்டிருக்கலாம்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் அவள் புருஷன் கலீலுர் ரஹ்மானுக்கு ஜவுளிக்கடை. கடைக்குப் பின்தெருவில் வீடு. அந்த வீட்டு ஹாலில்தான் திங்கட்கிழமை காலைகளில் ஜொஹராவின் வியாபாரம் நடந்தது. முகத்துக்குப் பூசும் கிரீம், உதட்டுச் சாயம், சென்ட் என்று எல்லாம் பெட்டியில் வந்து இறங்கும். பெண்கள் கைக்கொரு பெட்டியாக வாங்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளில் விற்பார்கள். கடையில்லை, போர்டில்லை. புருஷன்மார் டூட்டிக்குப் போன நேரத்தில் கதவைத் தட்டிப் பேசுகிற பேச்சுதான் முதல்.

இதைக் கற்றுக்கொடுத்தவள் மரிசோல். கொலம்பியாக்காரி, எண்ணெய் கம்பெனி எஞ்சினியரின் மனைவி. அவளுடைய அம்மா ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவளாம். யாருக்காவது சாரதா என்று பெயர் இருந்தால் "சரீட்டா" என்று கூப்பிடுகிற ரகம். ஆனால் மனசு தங்கம். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி, மீதி கைச் சாடை. அவளுக்கு ஒரே ஒரு சட்டம். மாதத்தில் அதிகம் விற்றவளுக்கு எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். ஜெயித்தவளின் வீட்டு ஆட்களுக்கும் அது தெரிய வேண்டும். "பெண் ஜெயிச்சதை மூடி வைக்கக் கூடாது" என்பாள். ஜொஹராவுக்கு இது வெல்லமாக இனித்தது.

அந்த மாதம் முதலிடம் ருக்கையாவுக்கு.

ருக்கையா வாயில்லாப் பூச்சி. ஆனால் கிரீம் டப்பாவைத் திறந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். அவள் புருஷன் ஹஸ்னைனுக்கு புஜைரா துறைமுகத்தில் எண்ணெய் டேங்க் வேலை. வியாழன் சாயங்காலம் வருவான், சனி காலையில் போவான். குடிக்க மாட்டான், கத்த மாட்டான். சிரித்த முகம். ஒருமுறை சோற்றில் உப்புக் கூடிப்போனதற்கு, ஜூலை மாத வெயிலில் ருக்கையாவைப் பால்கனியில் விட்டு உள்ளே தாழ்போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை அதே சிரித்த முகத்தோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

ருக்கையா புருஷனுக்குத் தெரியாமல் விற்றது இரண்டு டிக்கெட்டுக்காக. ஒன்று அவளுக்கு, ஒன்று நாலு வயது மகள் நஜீஹாவுக்கு. ஊருக்குப் போய்விட வேண்டும், திரும்பக் கூடாது. இது ஜொஹராவுக்கு மட்டும் தெரியும். "அவருக்குத் தெரிஞ்சா புள்ளைய எங்கிட்ட இருந்து பிரிச்சிருவாரு லாத்தா" என்று, கூடப் பிறந்த அக்காவிடம் சொல்வதுபோல, ஒருநாள் அழுதிருக்கிறாள்.

தெரிந்தும் ஜொஹரா தட்டு அனுப்பினாள். திங்கட்கிழமைதானே, ஹஸ்னைன் புஜைராவில் கிடப்பான் என்ற தைரியம். ருக்கையாவும் மகளுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. முதலிடம் வாங்கியவளுக்குக் கைதட்டல்கூடக் கிடைக்கவில்லையே என்று ஜொஹராவுக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாள் கிண்டிய தொதல் அல்வாவை அழகாக வெட்டித் தட்டில் அடுக்கி, கடைக்குக் கிளம்பிய கலீலுர் ரஹ்மானிடம், ருக்கையா இந்த மாதம் முதலிடம் என்று சொல்லி, அவள் வீட்டில் கொடுக்கச் சொன்னாள். ஆம்பளைக்கு எதற்கு உள்விவகாரம் என்று வேறெதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் அவர் சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

"ஹஸ்னைன்தான் கதவத் திறந்தாரு. புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டு வந்தாராம். உங்க வீட்ல இந்த மாசம் வியாபாரத்துல ஃபர்ஸ்ட்டாமே, முபாரக்னு கட்டிப் பிடிச்சேன். மனுஷன் அப்படிச் சிரிச்சாரு."

"ருக்கையா எங்க இருந்தா மச்சான்?"

"உள்ள தூங்குறாளாம். தட்ட அவரே வாங்கிக்கிட்டாரு."

ஜொஹரா கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். ஓடிப்போய் ருக்கையா வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஹஸ்னைன்.

"சொல்லுங்க லாத்தா. தொதல் ரொம்ப ருசி."

"ருக்கையாட்ட பேசலாமா தம்பி?"

"தூங்குறா. எழுந்ததும் சொல்றேன்."

கோபமில்லை, குத்தலுமில்லை. சந்தோஷப்பட்டிருக்கிறானோ என்னவோ என்று ஜொஹரா தன்னைத்தானே ஏமாற்றிப் பார்த்தாள். மனசு ஏமாறவில்லை. மறுநாள் பூராவும் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

புதன்கிழமை மரிசோலையும் கூட்டிக்கொண்டு நேரில் போனாள். ஹஸ்னைன் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தானே சுலைமானி டீ போட்டுக்கொண்டு வந்தான்.

"ருக்கையா ஊருக்குப் போயிட்டா லாத்தா. அவ உம்மாக்குத் திடீர்னு முடியலன்னு போன் வந்துச்சு. நேத்தே ஏத்தி விட்டுட்டேன்."

"புள்ள?"

"காய்ச்சலோட எப்படி அனுப்புறது? வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

நஜீஹா அறையிலிருந்து வந்து ஜொஹராவின் புர்காவைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு குளுகுளுவென்று இருந்தது. காய்ச்சலின் அடையாளமே இல்லை.

"இன்னைக்கு எனக்கு டூட்டி" என்றான் ஹஸ்னைன். "சாயங்காலம் புள்ளைய உங்க வீட்ல கொண்டுவந்து விடலாமா லாத்தா?"

"இப்பவே கூட்டிட்டுப் போறேனே தம்பி."

"துணி எடுத்து வைக்கணும். நானே கொண்டு வர்றேன்."

சிரித்தான். படி இறங்கும்போது மரிசோல் ஜொஹராவின் கையை இறுகப் பிடித்தாள். "இந்த ஆள் நல்லவன் இல்லை" என்று இந்தியில் சொன்னாள். அது ஜொஹராவுக்குத் தெரியாததா? பிள்ளையை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பெற்ற தகப்பன் முன்னால் என்ன சொல்லித் தூக்குவது?

சாயங்காலம் அவன் வரவில்லை. ஜொஹரா பாலைச் சுட வைப்பதும் ஆற விடுவதுமாக இருந்தாள். வியாழக்கிழமை காலையில் கலீலுர் ரஹ்மானையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவில் பூட்டு. பட்டாணிக்கார வாட்ச்மேன், சாமானெல்லாம் நேற்றே வண்டியில் போய்விட்டதாகவும் சாவியைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டதாகவும் சொன்னான். எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, "மாலும் நஹி" என்று கையை விரித்தான். புஜைராவுக்குப் போன் போட்டால், ஹஸ்னைன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் போயிருந்த நேரத்தில் போன் அடித்தது. ஊரிலிருந்து ருக்கையா.

"லாத்தா, உம்மாக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்காங்க. அடுப்படில நின்னு எனக்கு ஆப்பம் சுட்டுத் தர்றாங்க." அவள் அவசர அவசரமாகப் பேசினாள். "அவருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. எப்படின்னுதான் புரியல."

பொய் ஒன்று வாய்வரை வரத்தான் செய்தது, ஜொஹரா அதை விழுங்கிக்கொண்டாள்.

"என்னாலதான் தங்கச்சி. நீ ஃபர்ஸ்ட்டு வந்தியேன்னு தட்டு அனுப்பினேன். அவரு வீட்ல இருந்திருக்காரு."

"எந்தத் தட்டு லாத்தா?"

ஜொஹரா தொதல் தட்டின் கதையை முழுசாகச் சொன்னாள். மறுமுனையில் எஸ்டிடி பூத்தின் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது. ருக்கையா திட்டவில்லை.

"போவட்டும். நடந்தது நடந்துருச்சு. அவர எனக்குத் தெரியும், எனக்கு இன்னொரு தடவ விசா எடுக்க மாட்டாரு. ஆனா புள்ளைய உங்ககிட்ட விட்டுருக்கறதா நேத்து போன்ல சொன்னாரு. அது ஒண்ணு போதும் எனக்கு. யாராவது ஊருக்கு வர்றவங்ககிட்ட சேத்து அனுப்பிருங்க லாத்தா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு நிமிஷம் அவகிட்ட போனக் குடுங்க. குரலக் கேட்டுக்கறேன்."