காய்ச்சல் இல்லைங்க

கண் விழிக்கும்போதே சலூன்காரருக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு கணகணவென்று இருந்தது. மாதத்தில் எத்தனையோ நாள் இருக்க, சனியன் இன்றைக்குத்தானா வரவேண்டும்? இன்று ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து ஏற்றும் நாள்.

கிருமியை எதிர்க்கும் சக்தி அவர் ரத்தத்தில் சரியாக ஊறுவதில்லை. மற்றவர்களுக்கு நாலு தும்மலோடு போகிற சளி, அவருக்கு நிமோனியாவில் போய்த்தான் நிற்கும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து அந்தச் சக்தியைப் பிரித்தெடுத்து, பாட்டிலில் அடைத்து, மாதாமாதம் நரம்பில் ஏற்றினால்தான் அவர் கத்திரிக்கோலைப் பிடிக்க முடியும். கடையில் விற்கிற மருந்து அவருக்கு எட்டாக்கனி. புதிதாக வந்திருக்கும் ஒன்றைப் பெரியவர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டதால் பிழைத்தார்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு மருந்து கிடையாது. மருந்து ஏறினால்தான் காய்ச்சல் விடும், காய்ச்சல் விட்டால்தான் மருந்து ஏறும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதைதான். போதாக்குறைக்கு, அடிக்கடி படுத்துக்கொள்கிறவனை ‘இவனுக்கு மருந்து வேலை செய்யலை’ என்று கழித்துவிடுவார்கள் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பரீட்சை மருந்துக்கு அல்ல, தனக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

“ஏங்க, முகமே சரியில்லையே. போனதும் சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. இந்தத் தடவை படுத்தா எந்திரிப்பேனான்னு எனக்கே தெரியல.”

அவளும் துணைக்குப் புறப்பட்டாள். அவர் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார். பஸ் போய்ச் சேர்வதற்குள் முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டி, உடம்பு நல்ல பிள்ளை மாதிரி குளிர்ந்துவிட்டது.

மருந்து ஏற்றும் அறையில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒன்றில் டீச்சர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதே நோய், இதே ஆராய்ச்சி. பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவர்.

“என்ன சலூன்காரரே, ஊருக்கெல்லாம் முடி வெட்டுறீங்க, உங்க தலை இப்படிக் காடா கிடக்குது?”

“டாக்டர் தனக்கே ஊசி போட்டுக்குவாரா டீச்சர்?”

டீச்சர் சிரித்தார். தொழில் புத்தி போகுமா, சலூன்காரரின் கண் அவர் பிடரிக்குப் போனது. ஏ.சி. அறையில் பிடரி முடி நனைந்து ஒட்டியிருந்தது. படியேறி வந்த வியர்வையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

“காய்ச்சல் இருக்கா அண்ணா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“இல்லைங்க.”

டீச்சரும் இல்லை என்றார். தெர்மாமீட்டரும் ஆமாம் சாமி போட்டது. மருந்து சொட்டத் தொடங்கியதும் சலூன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி ஒரு மாதத்துக்குக் கவலையில்லை என்று கண்ணை மூடினார்.

பாட்டில் பாதி இறங்கியிருக்கும். மாத்திரையின் சக்தி தீர்ந்துபோனது. முதலில் விரல் நுனி சில்லிட்டது. பிறகு பல் கிட்டி, நாற்காலியே ஆடுகிற அளவுக்குக் குளிர் உதறியது. நர்ஸ் ஓடிவந்து குழாயை மூடினாள். டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்தார்.

“மருந்து ஒத்துக்கலை போலிருக்கு. ரெண்டு பாட்டிலும் ஒரே தயாரிப்பு. டீச்சரோடதையும் நிறுத்துங்க. மேல சொல்லணும். மத்த இடத்துலயும் நிறுத்தி வைப்பாங்க.”

“எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்” என்றார் டீச்சர். “திரும்ப எப்போ?”

“தெரியலையே டீச்சர். வாரமோ, மாசமோ.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சலூன்காரர் கணக்குப் பார்த்தார். வாயைத் திறந்தால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள், அதோடு கதை முடிந்தது. திறக்காவிட்டால், இதே மாதிரி நாற்காலிகளில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் வாயிலும் மண். சும்மா இருந்துவிடத்தான் அவருக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன். வாசலோரம் ஸ்டூலில் இருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மா,” என்றார், பல் தந்தியடிக்க. “மருந்து மேல தப்பில்லை. காலையிலயே காய்ச்சல். மாத்திரை போட்டுட்டு வந்தேன்.”

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “ஏன் சொல்லலை?”

“சொன்னா மருந்து கிடையாதே.”

“அன்னைக்குத்தான் கிடையாது. கிருமிக்கு மருந்து கொடுத்து, காய்ச்சல் விட்டதும் கூப்பிட்டு ஏத்தியிருப்போம். உங்களுக்குக் காய்ச்சல் வருதா இல்லையான்னு பாக்கத்தானே இந்த ஆராய்ச்சியே நடக்குது?”

சலூன்காரருக்கு அழுகை வந்தது. “என்னை எடுத்துடுவீங்களா?”

“அது என் கையில இல்லை. முதல்ல உங்களை வார்டுல சேக்கணும்.”

“பாட்டில்ல மீதி இருக்கே?”

“அதை இனி யாருக்கும் ஏத்த முடியாது” என்ற டாக்டரம்மா, டீச்சரின் மருந்தைத் தொடரச் சொன்னார். நர்ஸ் குழாயில் கை வைத்தபடி வழக்கம்போலக் கேட்டாள். “டீச்சருக்குக் காய்ச்சல் இல்லையே?”

சலூன்காரரின் கண் மறுபடி அந்தப் பிடரிக்குப் போனது. இப்போது அவருக்கு விளங்கியது. இவ்வளவு நேரமாகியும் வியர்வை காயவில்லை. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். ஆனால் அவர் பார்த்ததை டீச்சர் பார்த்துவிட்டார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து நர்ஸின் தட்டில் வைத்தார். அதே மாத்திரை.

“நேத்துலேர்ந்து போடுறேன்” என்றார். “போன மாசமும் போட்டேன்.”

டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். “அப்போ நீங்க எல்லாம் இதுவரைக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ன்னு சொன்னதை நம்பி நாங்க எழுதி வச்சதெல்லாம்?”

இரண்டு பாட்டில்களும் பாதியில் நின்று தொங்கின. நர்ஸ் தெர்மாமீட்டரைத் திரும்ப எடுத்தாள். இந்தத் தடவை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.