குழிச் சேற்றில் பூசணிப்பூ

கடலடிச் சேற்றில் பூசணி மகரந்தத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். "சனியன், என் சட்டையிலேர்ந்துதான் விழுந்திருக்கும்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக் கொல்லை முழுக்கப் பூசணிக்கொடி. மகரந்தம் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு முதலில் தன் உடுப்பின் மேல்தானே சந்தேகம் வரும்!

எதிர் மேசையில் அதே சேற்றை அலசி நுண்ணுயிர் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான் அவளுடைய சகா. ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஓட்டுக்காரன் என்றே பேர். "என்ன, மதியச் சாப்பாட்டை ஸ்லைடுல கொட்டிட்டியா?" என்றான்.

வேறு உடுப்பு மாற்றி, ஜன்னல்களைச் சாத்தி, வேறு துண்டுச் சேற்றை எடுத்து மறுபடி செய்தாள். மறுபடியும் பூசணி. அதே அறையில் அதே நாளில் பார்த்த ஆற்றுமுகச் சேற்றில் ஒன்றுகூட இல்லை. கரைப் பூந்தூளையெல்லாம் ஆறு கொண்டுவந்து கொட்டுகிற இடமே அதுதான். புல்லின் தூள் காற்றில் எவ்வளவு தூரமும் போகும். பூசணியினுடையதோ முள்ளும் பிசுக்குமாகக் கனத்தது, காற்று அதைத் தூக்காது. போதாக்குறைக்கு இங்கே கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பூவே அங்கே விழுந்திருந்தால்தான் அப்படிக் கிடக்கும்.

அந்தச் சேறு வந்தது கரைக்கு அப்பாலுள்ள ஒரு குழியிலிருந்து. அடியில் நீரோட்டமில்லை, தண்ணீரில் பிராணவாயு இல்லை. காற்றில்லாமல் தாக்குப்பிடிக்கிற ஒன்றிரண்டு வகை ஓடுகள்தான் ஓட்டுக்காரனுக்கே கிடைத்தன. கிளறிவிடப் புழுகூட இல்லாததால் வருஷத்துக்கு ஒரு படலமாகச் சேறு கலையாமல் படிந்திருந்தது. விழுந்தது எதுவும் அங்கே லேசில் அழுகாது. மேலே மூன்று படலங்களில் மட்டும் பூசணி.

"மூணு வருஷமா யாரோ அங்க பூ போடறாங்க" என்றான் ஓட்டுக்காரன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

அவள் படலங்களை மறுபடி எண்ணினாள். அண்ணன் போய் மூன்று வருஷம். படகில் இரண்டு பேராகப் போனவர்களில் அண்ணி மட்டும் திரும்பி வந்து, அவன் அக்கரையில் ஒருத்தியோடு போய்விட்டான் என்றாள். அன்றிலிருந்து அம்மா கதவைத் தாழ்போட விடுவதில்லை. இவளும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் ஓடுகிறாள். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா, அது தெரிந்தால் போதும் அவளுக்கு. சேறு எடுக்கப் போகிற படகை இப்போது ஓட்டுகிறவள் அண்ணிதான்.

அடுத்த முறை மற்றவர்களைத் தவிர்த்துவிட்டு அண்ணியோடு தனியாகப் போனாள். குழிக்கு மேலே வந்ததும் கேட்டாள்: "அண்ணி, இங்க பூசணிப்பூ போடறது நீங்களா?"

அண்ணி எஞ்சினை அணைத்தாள். "ஆமா. அவருக்குப் பிடிக்குமே" என்றாள், குழம்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

"அண்ணன் எங்க?"

"படகுலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. கரை கண்ணுக்குத் தெரியுது, அதுக்குள்ள போயிட்டாரு. கரைக்குக் கொண்டுபோனா என்கிட்ட விட்டுவைப்பாங்களா? இந்தக் குழியில எதுவும் அழுகாதுன்னு சாப்பிடும்போது நீதான சொன்ன."

பாவி, தான் எதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்! "அம்மா தினம் வாசலையே பாத்துட்டிருக்காங்களே. உங்களுக்கு மனசே இல்லையா?"

"மனசு இருக்கறதாலதான் செத்துட்டாருன்னு சொல்லல."

படகோரமாக ஒரு மிதவை ஆடிக்கொண்டிருந்தது; அதில் கட்டியிருந்த கயிற்றை அண்ணி எட்டிப் பிடித்து, சேற்றுக் குழாயைத் தூக்குகிற விஞ்சில் மாட்டினாள். கயிறு விறைத்தது. கீழே ஏதோ கனம் இருந்தது.

"போன மாசம்கூடத் தூக்கிப் பாத்தேன். அப்படியேதான் இருக்காரு. பாக்கறியா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாக அண்ணன் முகத்தைப் பார்க்காதவள்.

"மெதுவா இழுங்க, அண்ணி" என்றாள்.