அப்பாவின் பக்கவாதம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பாவின் பக்கவாதத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

முடிவெடுத்தது லோலெங் அத்தை. பிள்ளைகளின் அப்பா ரோடெல் அவளுடைய தம்பி; அவரைப் பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து அமெரிக்காவின் ஸ்டாக்டனுக்கு வரவழைத்தவள் அவள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, முப்பது வருடமாக அந்த வீட்டுத் திரைச்சீலையின் நிறம் வரைக்கும் அவள்தான் முடிவு செய்கிறாள்.

"லீசல், நீ பெரியவ. விட்டுக்குடு," என்றாள், புளிப்புச் சாற்றைத் தட்டில் ஊற்றிக்கொண்டே. "ஆல்ட்ரின் எழுதட்டும். அவன் கையில இருந்தாத்தான் அது வேலைக்காகும்."

லீசலுக்கு இருபத்துநாலு வயது. ஆல்ட்ரினுக்கு இருபத்தொன்று. இருவருமே அந்த வருடம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். எங்கள் ஊரில் டாக்டர் ஆவதற்குப் பட்டப்படிப்பு மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் மட்டும் போதாது, ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். பட்ட கஷ்டத்தைச் சொல்லி, அதனால் நான் எப்பேர்ப்பட்ட மனிதனாகிவிட்டேன் பாருங்கள் என்று முடிக்க வேண்டும். கஷ்டப்படாத பிள்ளைகள் பாவம், கோடை விடுமுறையில் விமானம் ஏறி ஏழை நாடுகளுக்குப் போய்க் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். ரோடெலின் குடும்பத்துக்கு அந்தச் செலவு இல்லை. வீட்டிலேயே இருந்தது.

ரோடெல் தபால் இலாகாவில் வண்டி ஓட்டியவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒருநாள் சாலையோரமாக வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டுச் சாய்ந்தார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது 'சரி' என்ற ஒரே சொல். அதனால் குடும்பத்தில் எதற்கும் அவருடைய சம்மதம் சுலபமாகக் கிடைத்தது.

"ரோடெல், நீ என்ன சொல்ற? பக்கவாதம் ஆல்ட்ரினுக்குத்தானே?"

"சரி," என்றார் ரோடெல்.

"பாத்தீங்களா," என்றாள் அத்தை.

அவர் விழுந்தபோது லீசல் கல்லூரியில் இரண்டாம் வருடம். அதுவரை நன்றாகப் படித்தவள். விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள், இங்கிருந்தே தினமும் போய் வந்தாள். அம்மா எர்லிண்டா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். சாயங்காலமானால் அடுத்தவர்களின் அப்பாக்களைத் திருப்பிப் படுக்கவைக்கப் போய்விடுவாள், பகலில் தூங்குவாள். ரோடெலைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, நடக்கப் பழக்கியது எல்லாம் லீசல். கரிம வேதியியலில் இரண்டு முறை சறுக்கினாள். பட்டம் வாங்கியபோது நாலுக்கு இரண்டு புள்ளி எட்டு. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அதே பாடங்களை மாலை வகுப்பில் மறுபடி எடுத்து முதல் தரம் வாங்கினாள், நுழைவுத் தேர்வையும் நன்றாக எழுதினாள். ஆனால் பழைய மார்க் போகாது. புதியது அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆல்ட்ரின் கல்லூரிக்குப் போகும் வயது வந்தபோது, "ஒருத்தனாவது ஒழுங்கா படிக்கட்டும்" என்று அவனை விடுதியில் சேர்த்தார்கள். ஒழுங்காகப் படித்தான். மூன்று புள்ளி ஒன்பது.

இந்தக் கணக்கைத் தீர்த்துவைக்க அத்தை ஓர் ஆலோசகருக்குப் பணம் கட்டியிருந்தாள். விட்கம் என்று பெயர், மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதே அவருக்குத் தொழில். திரையில் தெரிந்தபடி, யாரையும் புண்படுத்தாத குரலில் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "ஒரே வீட்லேருந்து ரெண்டு பேர் ஒரே நோயை எழுதினா, படிக்கிறவங்க சந்தேகப்படுவாங்க. மூணு புள்ளி ஒன்பது வாங்கின பையன் எழுதினா, எவ்வளவு மன உறுதின்னு சொல்வாங்க. ரெண்டு புள்ளி எட்டு வாங்கின பொண்ணு எழுதினா, சாக்குன்னு சொல்வாங்க. அதே பக்கவாதம்தான். நான் என்னங்க பண்றது?"

லீசல் எதை எழுதுவது என்பதற்கும் அவரிடம் வழி இருந்தது. சின்ன வயதில் பொறுப்பில்லாமல் இருந்தேன், இப்போது திருந்திவிட்டேன் என்று எழுதலாம். திருந்தியவர்களைக் கல்லூரிகளுக்குப் பிடிக்கும்.

லீசலுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஐந்து வருடம் ஓர் ஆளைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்தவளைப் பொறுப்பில்லாதவள் என்று அவள் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள். அதை எழுதினால் பொய், எழுதாவிட்டால் மார்க்குக்கு விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாத இரண்டு புள்ளி எட்டை எந்தக் கல்லூரியும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காது. இது அவளுக்குத் தெரியும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

"சரி அத்தை," என்றாள். "குடுத்துட்டேன்."

"தங்கம்!" என்று அத்தை மீனின் தலைப்பகுதியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆல்ட்ரின் பின்னால் வந்து நின்றான். கெட்ட பையன் இல்லை. இதுவரை யாரும் அவனிடம் எதையும் கேட்டதில்லை, அதுதான் அவன் குறை.

"அக்கா, அப்பாவுக்கு வராத கை எது? இடதா, வலதா?"

லீசல் குழாயை மூடினாள்.

"வலது."

"காலு?"

"அதுவும் வலதுதான்டா. ஒரே மனுஷன்தானே."

"குளிப்பாட்டறதைப் பத்தி ஒரு காட்சி வேணும்னு விட்கம் சொன்னாரு. நாற்காலில உக்காரவெச்சா? இல்ல படுக்கவெச்சா?"

"சொன்னா புரியாது. நாளைக்குக் காலைல நீயே செஞ்சு பாரு. ஆறு மணிக்கு எழுந்துடுவார்."

மறுநாள் காலை லீசல் பக்கத்தில் நின்றாள், கை வைக்கவில்லை. பெல்ட்டை இடுப்பில் எப்படிக் கட்டித் தூக்குவது, தண்ணீரில் மாவைக் கலந்து எவ்வளவு கெட்டியாக்கினால் புரையேறாது, கோபம் வந்தால் இடது கையால் எப்படி அடிப்பார், எல்லாம் சொன்னாள். அந்த வாரம் முழுக்கச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை பையை எடுத்து மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டாள். சாயங்காலம்தான் வந்தாள். அதற்குள் அத்தையின் காதுக்கு விஷயம் போயிருந்தது.

"என்னடி பண்ணிட்டிருக்க நீ?" என்று தொலைபேசியில் கத்தினாள். "புள்ள சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கிறானாம்!"

"பக்கவாதத்தை அவனுக்குக் குடுத்துட்டோமே அத்தை. நீங்கதானே சொன்னீங்க?"

"கட்டுரைக்குடி! கட்டுரைக்கு மட்டும்!"

"கதையை அவன் எடுத்துக்கிட்டு, அப்பாவை எங்கிட்ட விட்டுட்டுப் போனா, படிக்கிறவங்க சந்தேகப்படுவாங்க இல்ல?"

அத்தை எர்லிண்டாவைக் கூப்பிட்டாள். எர்லிண்டா தூக்கக் கலக்கத்தில், "கட்டுரை எழுதி முடிக்கற வரைக்கும் ஒரு மாசம்தானே அண்ணி, பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள். அவள் அந்த வீட்டில் அத்தையை மறுத்துச் சொன்ன முதல் பேச்சு அது. பாதித் தூக்கத்தில் சொன்னதால் யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கோடையில் ஆல்ட்ரின் இயற்பியலில் ஒரு பாடம் எடுத்திருந்தான். காலை ஒன்பதரைக்கு வகுப்பு. ரோடெல் ஒருநாள் எட்டரைக்குச் சாப்பிடமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்வார், ஒருநாள் ஒன்பது மணிக்குப் படுக்கையை நனைத்துவிடுவார். இரவில் மகன் புத்தகத்தைத் திறந்தால் அவருக்குத் திரும்பிப் படுக்க வேண்டும். ஆல்ட்ரின் கன்னம் ஒட்டிப்போனான். ஆனால் பெல்ட்டைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஒருமுறை ரோடெல் சிரித்தார், எதற்கென்று தெரியவில்லை, இருவரும் சேர்ந்து வெகுநேரம் சிரித்தார்கள்.

மாதக் கடைசியில் மார்க் வந்தது. அவன் வாழ்க்கையில் பார்த்திராத மூன்றாம் தரம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வறுத்த வாழைப்பழத்தோடு வந்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவைத்தாள். கண்ணில் உண்மையாகவே நீர் வந்துவிட்டது.

"அய்யோ என் கண்ணு! அப்பனையும் பாத்துக்கிட்டு அவன் எப்படிப் படிப்பான்? ஒரு மனுஷனால முடியுமா அது?"

எர்லிண்டா வேலைக்குக் கிளம்பிச் சீருடையோடு நின்றிருந்தாள். கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"லீசலும்தான் பாத்துக்கிட்டுப் படிச்சா, அண்ணி."

"அது வேற."

"எப்படி வேற?"

அத்தை யோசித்தாள். மழுப்பவில்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"அவ பொண்ணு. பழகிக்குவா. நான் பழகிக்கலையா?"

லோலெங் அத்தை மணிலாவில் கணக்குப் படிப்பில் சேர்ந்து ஒரே வருடத்தில் நின்றவள். அவள் அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள், ரோடெல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். ஏன் நின்றாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. அத்தை தட்டை மறுபடி இழுத்து, ஆறிப்போன வாழைப்பழத்தைத் தின்றாள்.

எல்லோரும் போன பிறகு ஆல்ட்ரின் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பக்கவாதத்தை நீயே திருப்பி எடுத்துக்கோ. நான் ஒரு மாசம்தான் பாத்தேன். எழுத உக்காந்தா கூச்சமா இருக்கு."

"அப்போ நீ என்ன எழுதுவ?"

"முழங்கால். கூடைப்பந்துல உடைஞ்சுதே."

"அது உன்னுதுதான்."

"ஆனா அப்பாவை நான் பாக்கறேன். காலைல மட்டும். உனக்கு வகுப்பு இருக்குல்ல."

லீசல் தலையாட்டினாள்.

விண்ணப்பத்தில், மார்க் ஏன் குறைந்தது என்று விளக்க ஒரு கட்டம் உண்டு. விட்கம் அதற்கு அழகாக ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அதில் லீசல் பொறுப்பில்லாமல் இருந்து, சூரியோதயம் ஒன்றைப் பார்த்துத் திருந்தியிருந்தாள். அவள் அதை அழித்தாள். அப்பா விழுந்த மாதத்தையும், அன்றிலிருந்து வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டது தான்தான் என்பதையும் எழுதினாள். அதன் கீழே, இந்தக் கோடையில் தம்பி ஒரு மாதம் பார்த்தான், அவனுக்கும் மார்க் குறைந்தது, அதற்கு என் அத்தை சொன்னது இது என்று எழுதி, அத்தை சொன்னதைச் சொன்னபடியே போட்டாள். அப்பனையும் பார்த்துக்கொண்டு அவன் எப்படிப் படிப்பான். அவள் பெண், பழகிக்கொள்வாள். மீதிக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டாள்.

"தற்கொலை பண்ணிக்கிட்டீங்க," என்றார் விட்கம், புண்படுத்தாத குரலில்.

அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இருபத்தாறு கல்லூரிகள் வேண்டாம் என்றன. அதில் பாதி, கட்டத்தைப் படிக்கும் முன்பே மார்க்கைப் பார்த்து ஒதுக்கியவை. மிசௌரியில் ஒரு சின்னக் கல்லூரி மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வயதான அம்மாள் காகிதத்தை எடுத்து அத்தையின் வாக்கியங்களை மெதுவாக வாசித்தாள், பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்த அத்தை நிஜமாவே இருக்காங்களா?"

"இருக்காங்க."

"உங்க மேல கோவமா இருக்காங்களா?"

"இல்லைங்க. அவங்க சொன்னது தப்புன்னு அவங்களுக்குத் தெரியாது."

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். பிப்ரவரியில் இடம் கிடைத்தது. ஆல்ட்ரினுக்கு நவம்பரிலேயே கிடைத்துவிட்டது, அதுவும் நாலு கல்லூரிகளில். முழங்காலைப் பற்றி எழுதியிருந்தான். மூன்று புள்ளி ஒன்பதுக்கு முழங்காலே போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் இருவரும் போகப்போகிறார்கள் என்றதும் எர்லிண்டா பகல் வேலைக்கு மாறிக்கொண்டாள். பகலில் ரோடெலைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்தாள். இதை ஐந்து வருடம் முன்பே செய்திருக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். செய்திருக்கலாம்தான். அப்போது லீசல் இருந்தாள்.

ஜூலையில் வழியனுப்பு விருந்து. தேவாலயக் கூடத்தை அத்தைதான் ஏற்பாடு செய்தாள். நீளமான மேஜையில் பான்சிட் நூடுல்ஸும் வறுத்த லும்பியாச் சுருள்களும் வைத்திருந்தார்கள். அவற்றைச் செய்து, சுமந்து வந்து, பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொரு வீட்டின் மூத்த பெண்கள். அத்தை எழுந்து கரண்டியால் கிளாஸைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. லீசலுக்கு சீட்டு கெடைச்சது யாராலன்னு நெனைக்கிறீங்க? என்னாலதான். அவ விண்ணப்பத்துல எழுதினது என் வார்த்தை. அவளே சொன்னா. கேட்டுப்பாருங்க!"

எல்லோரும் லீசலைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் லீசல். "அத்தை சொன்னதைத்தான் எழுதினேன்."

"என்ன சொன்னீங்க, லோலெங்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "எங்களுக்கும் சொல்லுங்க. எங்க வீட்லயும் பொண்ணுங்க இருக்கு."

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு சொல் விடாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அப்பனையும் பாத்துக்கிட்டு அவன் எப்படிப் படிப்பான்? அவ பொண்ணு, பழகிக்குவா!"

பரிமாறிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. அத்தை புன்னகையோடு, கைதட்டலுக்காகக் காத்திருந்தாள்.