பெயர் காட்டும் பெட்டி

1996ஆம் ஆண்டு மாசி மாதம். ஸ்காபரோவில் காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் மாடியில், சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ரதிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. வைத்தியர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று கிழமை கிடந்தது. கணவன் கீதன் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலையில் நின்றான். அங்கே அழைத்தபோது மேற்பார்வையாளர் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணன் அன்புராசாவின் வீடு காரில் ஐந்தே நிமிடம். எந்த நேரமென்றாலும் ஒரு கோல் அடி, வந்து நிற்பேன் என்று அவர்தான் சொல்லியிருந்தார். ரதி அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நோவு சற்று அடங்கும்போதெல்லாம் மறுபடி அழைத்தாள். இடையில் தவழ்ந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கும் ஆளில்லை. பதினொரு தரம் அண்ணனை அழைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவசர உதவிக்கான 911ஐ அழுத்தினாள்.

கனடாவுக்கு வந்து பத்து மாதம். அந்த வேதனையில் அவளுக்கு வாயில் வந்த ஆங்கிலம் "பேபி, பேபி" என்பது மட்டும்தான். விலாசம் சொல்ல முடியவில்லை. ஆனால் அழைப்பை எடுத்தவர்களுடைய திரையில் அவளுடைய இலக்கமும் விலாசமும் தாமாகவே விழுந்தன. அதைப் பார்த்து ஓடி வந்தார்கள். குழந்தை சமையலறைத் தரையிலேயே பிறந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த தொப்புள்கொடியை வந்தவர்களில் ஒருவர்தான் விலக்கி எடுத்தார். இன்னும் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிராது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் அன்புராசா பூங்கொத்தோடு வந்தார். அஜக்ஸில் வீடு பார்க்கப் போனதாகவும், அன்று முழுக்க வீட்டில் ஆளே இல்லை என்றும் சொன்னார். ரதி அதை நம்பினாள். பாவம், அண்ணைக்கு எப்படித் தெரியும் என்று கீதனையும் சமாதானப்படுத்தினாள்.

இரண்டு கிழமை கழிந்து, குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே அன்புராசாவின் நண்பர் கஸ்பர் இருந்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியை அன்புராசா அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். யார் அழைக்கிறார்கள் என்று முதலே பெயர் விழுமாம். வேண்டாத ஆளென்றால் எடுக்கத் தேவையில்லையாம். இனி வரப்போகும் போனில் ஆளின் முகமே தெரியுமாம். பழைய அழைப்புகளும் அழியாமல் இருக்கும் என்று சொல்லி அவரே பொத்தானை அழுத்தினார்.

சில அழைப்புகள் தாண்டியதும் கீதனின் பெயர் விழுந்தது; ரதி வீட்டுத் தொலைபேசி அவன் பெயரில்தான் இருந்தது. அடுத்தும் அதே பெயர். அடுத்தும். நடுவில் ஒரே ஒரு தரம் கஸ்பரின் பெயர். அன்புராசாவின் விரல் நின்றுவிட்டது.

ஒன்றும் அறியாத கஸ்பர் சிரித்தார். "அண்டைக்கு நான் கோல் அடிக்க உடனயே தூக்கினனியள், என்ன அண்ணை?"

ரதி பெட்டிக்குக் கிட்டப் போனாள். திகதியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"வீட்டில நிண்டனியள்."

அன்புராசா தலையைக் குனிந்தார். அதற்கு முதல் கிழமை ரதி இரண்டு தரம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதையும், பனியில் திரும்பவும் காரெடுக்க அலுப்பாக இருந்ததையும் மென்று விழுங்கிச் சொன்னார். பிறகு குரல் உயர்ந்தது. "பிள்ளை பிறக்கப் போகுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எடுத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

கஸ்பர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ரதி குழந்தையைப் போர்த்தித் தூக்கினாள். 

"என்ர நம்பர் அண்டைக்கு ரண்டு இடத்தில விழுந்தது, அண்ணை. முன்னப்பின்னத் தெரியாத சனம் அதைப் பார்த்திட்டு ஓடி வந்தது. கூடப் பிறந்த நீங்கள் அதைப் பார்த்திட்டு ஒளிச்சியள். இனி முகம் தெரியிற போனும் வரட்டும். முகத்தைப் பார்த்திட்டும் எடுக்காமல் இருக்கிற ஆளுக்கு அது என்னத்துக்கு? ஆரெண்டு பார்க்கத் தந்த பெட்டியை ஆரை விலத்தலாம் எண்டு பார்க்கப் பாவிச்சால், கெட்டது பெட்டியில்லை, மனுசன்தான்."

அன்புராசா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். ரதி திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள் இறங்கி பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.