எங்க நிக்கிறாய் – கலியாண மிக்ஸ்

"அந்த ஒரு பாட்டை மட்டும் அழிச்சு விடு ரிஸ்கான். புதுசா முப்பது பாட்டு ஏத்தித் தாறன்" என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கே மன்னார் பஸ் நிலையத்தில் வெயில் கொளுத்தியது. தலைமன்னார் தனியார் பஸ்ஸின் கொண்டக்டர் ரிஸ்கான் மிதிபலகையில் நின்றபடி தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டைப் பரப்புவதற்கு இருப்பது ஒரே வழிதான். பென் டிரைவில் போட்டு பஸ் கொண்டக்டர்மாருக்கும் ஓட்டோக்காரருக்கும் சும்மா கொடுத்துவிட வேண்டும். நாலு மாதத்துக்கு முன் இதே நிலையத்தில் பல்லை இளித்துக்கொண்டு வவுனியா பஸ்காரருக்குக் கொடுத்தவன் நான்தான். தலைமன்னார் பஸ்ஸுக்கு மட்டும் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. ஆனால் கொண்டக்டர்மார் தங்களுக்குள் பென் டிரைவ் மாற்றிக்கொள்வார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இப்போது அதே பல்லை இளித்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி, அழிக்கச் சொல்லி அலைகிறேன்.

பக்கத்தில் ஜெனோஜன் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். பாட்டு அவனுடையது. அதில் கேட்கும் பெண் குரல் அவனுடைய அம்மா மேரி ரோஸ் அன்ரியின் குரல். அன்ரி தினமும் காலை ஏழு மணிக்கு இந்த பஸ்ஸில்தான் பேசாலையிலிருந்து நண்டுக் கம்பனிக்கு வேலைக்கு வருகிறார். தன் குரலுக்குப் பெடியள் குதித்து ஆடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவரும் முன் பாட்டை அழித்துவிட வேண்டும். அதுதான் எங்கள் அவசரம்.

ரிஸ்கான் கோப்பையைக் கவிழ்த்து மண்டியை ஊற்றினான்.

"அழிச்சா அந்த அன்ரி என்னோட சண்டைக்கு வருவாங்க."

"எந்த அன்ரி?"

"பேசாலையில ஏறுறவங்க. நண்டுக் கம்பனிக்குப் போறவங்க. ட்ரைவருக்குப் பின் சீற். ஒரு மாசமா ஏறின உடன அதத்தான் போடச் சொல்லுறாங்க. வேற பாட்டுப் போட்டா டிக்கட்டுக் காசக்கூட முகத்தப் பாத்துத் தர மாட்டாங்க."

ஜெனோஜன் தொப்பியைக் கழற்றினான். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் போட்டுக்கொண்டான்.

ஜெனோஜனுக்கு ஜோன்சன் என்று ஒரு அண்ணன். மூன்று வருடத்துக்கு முன், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று கடற்தொழிலே படுத்துப்போன காலத்தில், வெளிநாடு போகிறேன் என்று புறப்பட்டான். மொஸ்கோ வரை விமானம், அங்கிருந்து பெலாரஸ், பிறகு களவாக எல்லைக் காட்டைத் தாண்ட வேண்டும். "அம்மா, நாளைக்குக் காட்டுக்குள்ளால நடக்கப் போறம், போனில சார்ஜ் இல்லை" என்று ஒரு குரல்பதிவு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து அன்ரி ஒவ்வொரு பின்னேரமும் நண்டு உடைத்த விரல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, வாட்ஸ்அப்பில் மகனுக்குப் பேசி அனுப்புவார். "ராசா, எங்க நிக்கிறாய்? சாப்பிட்டியோ?" அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரேயொரு சரி அடையாளம் விழுந்திருக்கும். அவனுடைய போனுக்குப் போய்ச் சேர்ந்தால் விழ வேண்டிய இரண்டாவது சரி மூன்று வருடமாக விழவில்லை.

ஜெனோஜன் ராப்காரன். அண்ணனைப் பற்றி நாலு பந்தி எழுதினான். நான் டிஜே. கலியாண வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் ஸ்பீக்கர் பொக்ஸும் லைட்டும் கொண்டுபோகிறவன். அவனுக்குச் சொல் முக்கியம், எனக்குத் தாள அடி முக்கியம். முன்பெல்லாம் இரண்டு சாதியும் ஒன்றையொன்று மதிப்பதில்லை. ராப்காரருக்கு நாங்கள் டம் டம் கோஷ்டி, எங்களுக்கு அவர்கள் பாட்டு வராததால் பேசிக்கொண்டிருப்பவர்கள். இப்போது உலகம் முழுக்க இரண்டும் ஒரே சட்டியில் வேகிறது. ராப்காரன் நாலு வரி சொல்லுவான், இசை ஏறி ஏறி ஒரு கணம் சத்தமே இல்லாமல் நிற்கும், பிறகு நிலம் அதிர விழும். விழுகிற அந்த இடத்தை ட்ரொப் என்போம். அதற்கு முந்திய நிசப்தத்தில் ஒரு மனிதக் குரல் தனியாக ஒலித்தால் சனத்துக்குப் பைத்தியம் பிடிக்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை.

முதல் பாட்டை ஒழுங்காகத்தான் செய்தோம். என் வீட்டுப் பின்னறையில், சுவரெல்லாம் முட்டை அடுக்கும் மட்டை ஒட்டி, யன்னலுக்கு மெத்தையைச் சாத்தி ஒலிப்பதிவு செய்தோம். வெளியே கழுதைகள் கத்தி இரண்டு தரம் பதிவு கெட்டது. அன்ரியின் குரலை ஜெனோஜன் அவருடைய போனிலிருந்து அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு வந்தான். கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார், ஏன் என்றும் கேட்டிருப்பார். அந்த ஏனுக்குத்தான் அவனுக்குப் பயம். பாட்டை யூடியூப்பில் போட்டோம். இருநூற்றிப் பன்னிரண்டு தரம் பார்க்கப்பட்டது. அதில் நாற்பது தரம் பார்த்தவன் நான்.

பிறகுதான் நானாட்டானில் ஒரு கலியாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு நம்மூர்ப் பாட்டொன்று வேண்டுமாம். நான் நாலு பந்தியில் மூன்றைத் தூக்கினேன். வேகத்தை ஏற்றினேன். அன்ரியின் "எங்க நிக்கிறாய்" சரியாக ட்ரொப்புக்கு முன் வந்து உட்கார்ந்தது. "சாப்பிட்டியோ" உட்காரவில்லை. அடியைத் தாண்டி வெளியே தொங்கியது. வெட்டினேன். வெட்டிய இடம் வெறுமையாக இருந்தது, ஒரு மறுமொழி வைத்தால் எடுபடும் என்று பட்டது. "இஞ்சதான் நிக்கிறன்!" என்று ஜெனோஜனைக் கத்தச் சொன்னேன்.

"அண்ணன்ர கதைக்கு ஆட்டமோடா?" என்றான்.

"சனம் ஆடுற இடத்திலதான் காது குடுக்கும் மச்சான். ஆடினவன் பிறகு முழுப் பாட்டையும் தேடிக் கேப்பான்."

நான் இதை நம்பித்தான் சொன்னேன். ஒருவனும் தேடவில்லை.

கத்தினான். அவன் குரல் மெல்லிசு, பொக்ஸில் நிற்காது. கொம்பியூட்டரில் சுருதியை மூன்று படி இறக்கிக் கனக்க வைத்தேன். நானாட்டானில் பாட்டைப் போட்டபோது நிசப்தத்தில் அன்ரியின் குரல் தனியாக எங்க நிக்கிறாய் என்று கேட்டது. இருநூறு பெடியள் கையைத் தூக்கிக்கொண்டு இஞ்சதான் நிக்கிறம் என்று கத்தினார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. சந்தோசம்தான், ஒளிப்பானேன். ஜெனோஜன் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரமே பென் டிரைவ்களை வாங்கினேன். மூன்றாம் மாதம் பாரிஸில் யாரோ தங்கள் பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் அதற்கு ஆடி டிக்டொக்கில் போட்டார்கள். அது சுற்றிப் பேசாலைக்கே வந்துவிடும் என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

ரிஸ்கானின் பஸ் புறப்பட்ட பிறகு நாங்கள் நிலையத்துச் சீமெந்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அன்ரியிடமிருந்து நாங்கள் மறைக்கத் தவித்ததை, அவர் ஒரு மாதமாக எங்களிடமிருந்து மறைத்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "கோவமெண்டா கத்தியிருப்பா. ஏன் போடச் சொல்லிக் கேக்கிறா?" என்று ஜெனோஜன் திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கென்ன தெரியும்? தினமும் ட்ரைவருக்குப் பின் சீற்றில் இருந்து தன் குரலைத் தானே கேட்கிற ஒரு மனுசியை நினைக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அன்ரி நேராக என் பின்னறைக்கு வந்தார். தலையில் பூசை முக்காடு அப்படியே இருந்தது. உள்ளே ஜெனோஜன் இருப்பான் என்று தெரிந்துதான் வந்திருக்க வேண்டும். அவனை அவர் பார்க்கவேயில்லை.

"இருங்கோ அன்ரி" என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருக்க வரேல்லை. ஒரு விசயம் சொல்லு கிறிஸ்ரி. ஜோன்சன் உனக்கு எப்ப கதைச்சவன்?"

எனக்கு விளங்கவில்லை. "ஜோன்சனோ?"

"என்ர சத்தத்தை எடுத்ததுக்கு நான் கோவிக்கேல்லை. ஆடுறவங்கள் ஆடட்டும். ஆனா அவன் மறுமொழி சொன்னதை ஏன் எனக்கு மறைச்சனீங்கள்? ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், இண்டைக்குச் சொல்லுவினம், நாளைக்குச் சொல்லுவினம் எண்டு."

 மூன்று படி. மெல்லிய தம்பியின் குரலை மூன்று படி இறக்கினால் எங்கே போய் நிற்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? ஜோன்சனோடு பள்ளிக்கூடம் போனவன் நான். என் காதிலேயே அது விழவில்லையே என்று என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருந்தது.

"அம்மா, அது நான்" என்றான் ஜெனோஜன்.

அன்ரி இல்லை என்று தலையை ஆட்டினார். ஜெனோஜன் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் நின்று, "இஞ்சதான் நிக்கிறன்" என்றான். கத்தவில்லை, சும்மா சொன்னான்.

"இது நீ. அது அவன். பெத்த எனக்குத் தெரியாதே?"

"காட்டடா மச்சான்" என்றான் ஜெனோஜன் என்னிடம். கண் கலங்கியிருந்தது. "ப்ளீஸ், காட்டு."

அவன் கத்துவதைப் பதிவு செய்தேன். ஒருமுறை அப்படியே போட்டுக் காட்டினேன், ஜெனோஜன்தான். பிறகு அன்ரி பார்க்க ஒரு படி இறக்கினேன். இரண்டு.  மூன்றாவது படியில் ஸ்பீக்கரிலிருந்து ஜோன்சன் பேசினான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கடலுக்குக் கூப்பிடுகிற அதே ஜோன்சன். இந்த முறை எனக்கும் கேட்டது. ஜெனோஜனுக்கும் கேட்டிருக்க வேண்டும், மைக்கை விட்டு ஓரடி பின்னால் போனான்.

அன்ரி இப்போது கதிரையில் உட்கார்ந்தார்.

"பாத்தியே" என்றார் மெதுவாக. "வந்திட்டான்."

"அன்ரி, அது ஜெனோஜன்ர சத்தம்தான். கொம்பியூட்டர் செய்யிற வேலை. நீங்கள் இப்ப கண்ணால பாத்தீங்கள்தானே."

"ஓம். விளங்குது." விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. மடியில் முக்காட்டு நுனியை மடித்து மடித்து விரித்தார். "நான் சாப்பிட்டியோ எண்டும் கேட்டனான். அதை ஏன் வெட்டினனீ?"

"அடிக்குப் பொருந்தேல்லை அன்ரி" என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் அதைப்போல வெட்கங்கெட்ட வார்த்தை வேறில்லை.

"இப்ப அடி வேண்டாம். அதுக்கு மறுமொழி மட்டும் போதும். சாப்பிட்டன் எண்டு ஒருக்காச் சொல்லச் சொல்லு அவனை."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஸ்பீக்கருக்குள் இருப்பவனிடம் சொல்லச் சொன்னார்.  அந்த அறையில் அவருடைய மற்ற மகன் நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தான். கேட்டால் வயிற்றுக்குள் இறங்குதில்லை மச்சான் என்பான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெனோஜன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றான். நான் பதிவை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அன்ரி முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தார். ஜெனோஜன் வாயைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான். திரையில் குரலைக் காட்டும் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மேடும் பள்ளமும் இல்லாமல் நேராக ஓடியது. அன்ரி இன்னும் கொஞ்சம் கிட்டச் சாய்ந்தார்.